ஊமைப் பொட்டிக்கு முதலில் எது

யார் எதைச் சிபாரிசு செய்தாலும், அவர் என்ன விற்கிறவர் என்று முதலில் பார்க்க வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் புளி மண்டிக்காரர் வீட்டில் பிறந்த காமாட்சிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்குப் பால் குடிக்கத் தெரிவது போல இதுவும் தெரியும். கல்யாணமாகி ஏற்காட்டுக்கு மலையேறி வந்து பத்து வருஷமாகியும், ஸ்வெட்டர் போடப் பழகினாளே தவிர அந்தப் பார்வையை அவள் கழற்றி வைக்கவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கார்த்திகையில் அந்தப் பார்வைக்கு நிறைய வேலை வந்தது.

ஒண்டிக்கடைப் பக்கம் ஒற்றை அறையில் அவள் ஒரு கம்ப்யூட்டர் கேம் கடை வைத்திருந்தாள். கடை என்றால் ஒரே ஒரு கம்ப்யூட்டர், இரண்டு முக்காலி, ஒரு பெஞ்சு. கம்ப்யூட்டர் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. எஸ்டேட் புதிதாக ஒன்று வாங்கியபோது பழையதை அவள் பேசி முடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டாள். கணக்குப் பார்க்கிற பொட்டிக்கு வாய் எதற்கு என்று, சத்தம் வருகிற சாமான் எதுவும் அதில் வைக்கவில்லை. சீசனில் டூரிஸ்ட் பிள்ளைகள் வந்து சுட்டுத் தள்ளுகிற ஆட்டம் ஆடினார்கள். மற்ற மாதங்களில் அவளுக்குச் சோறு போட்டவர்கள் ஜீப் ஸ்டாண்டு டிரைவர்கள். சவாரி வருகிற வரைக்கும் உட்கார்ந்து கார் ரேஸ் ஓட்டுவார்கள். நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவன் ஓய்வு நேரத்தில் காசு கொடுத்து வண்டி ஓட்டுவதா என்று ஊரே சிரித்தது. காமாட்சி சிரிக்கவில்லை. ஓட்டல்காரன் அடுத்த ஓட்டலில் போய்ச் சாப்பிடுவதில்லையா என்ன.

ஆனால் ஐப்பசி முடிவதற்குள் டிரைவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பொட்டி மெதுவாக இருக்கிறது, இழுக்க மாட்டேன் என்கிறது, வளைவில் திணறுகிறது. ஒவ்வொருவராக ஸ்டாண்டில் இருந்த கேரம் போர்டுப் பக்கம் ஒதுங்கினார்கள்.

அறை அவளுடைய கணவன் சேகரின் அண்ணன் கந்தசாமிக்குச் சொந்தம். அவர் மேல்பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்தார். பெஞ்சு காலியாகக் கிடந்த ஒரு மதியம் வந்து நின்றார்.

"அம்மணி, நான் ஒன்னும் சொல்லலை. அரைப்பரீட்சை லீவு முடியட்டும். தை பொறக்கறதுக்குள்ள இந்தப் பொட்டி நிமிரலைன்னா, இங்க மொளகா பஜ்ஜி போட்டுக்கறேன். எண்ணெய்ச் சட்டிக்குக் கூடச் சொல்லிட்டேன்."

"சட்டிய நல்லாப் பெருசாவே சொல்லுங்க மாமா," என்றாள் காமாட்சி. "எப்படியும் வேலைக்கு ஆகும்."

அவர் போன பிறகு அவளுக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் பயத்தை வாடிக்கைக்காரன் எதிரில் காட்டுகிறவள் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்திருக்க முடியாது. சேகர் சேலம் பஸ்ஸில் கண்டக்டர். அவன் சம்பளம் வீட்டுக்கு. இந்த அறை அவளுக்கு. மாதாமாதம் தன் கையால் சம்பாதித்துத் தன் கையால் செலவழிக்கிற ருசியை ஒரு முறை கண்டுவிட்டவள், அதைப் பஜ்ஜிச் சட்டியில் போட்டுப் பொரிக்க விடுவாளா?

சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. பொட்டிக்குள் ஏதாவது ஒரு சாமானை மாற்றலாம். ஒன்றே ஒன்று. எதை என்பதுதான் கேள்வி.

அன்று சாயங்காலம் அவள் கேட்காமலே யோசனைகள் வரிசையில் நின்றன.

"ரேம் போடு," என்றான் சேகர், காக்கிச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. "ரேமுன்னா பஸ்ஸுல சீட்டு மாதிரி. சீட்டு கம்மியா இருந்தா ஆளுங்க படியில தொங்குவாங்க. வண்டி மெதுவாத்தான் போகும்."

"டிவி சின்னது அம்மணி," என்றார் கந்தசாமி. மானிட்டருக்கு அவர் வைத்த பேர் அது. அவர் லாட்ஜில் பெரிய டிவி வைத்த பிறகுதான் ரூம் வாடகையை ஏற்றினார். "பெருசா ஒரு டிவி போடு. ரோட்டுல போறவன் நின்னு பாப்பான்."

"இஞ்சின் பத்தலைங்க," என்றார் செல்லப்பன். மாரமங்கலத்துக்காரர், ஜீப் ஸ்டாண்டில் மூத்த டிரைவர். "புராசசரோ என்னமோ சொல்றாங்களே, அதத்தான் மாத்தணும். இஞ்சினு செத்த வண்டிக்கு டயர் மாத்தி என்ன பண்றது?"

சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தேவசிகாமணி, போன் போட்டுக் கேட்டபோது ஒரே மூச்சில் சொன்னார்: "த்ரீ-டி கார்டுங்க அம்மா. இப்ப எல்லாம் அதுதான். நாளைக்கே வாங்க, நம்மகிட்ட ரெண்டு இருக்குது."

கண்டக்டர் சீட்டு விற்றான், லாட்ஜுக்காரர் டிவி விற்றார், டிரைவர் இஞ்சின் விற்றார், கடைக்காரர் தேங்கிய சரக்கை விற்றார். ஆளுக்கு ஒரு தராசு. எல்லாத் தராசும் அவரவர் பக்கமே சாய்ந்தது. காமாட்சி எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, யார் பேச்சையும் எடுத்துக்கொள்ளாமல் விட்டாள்.

இரண்டு நாள் அவள் திரையைப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவர்களைப் பார்த்தாள்.

செல்லப்பன் உட்கார்ந்தார். நேர் ரோட்டில் நன்றாகத்தான் போனார். வளைவு வந்ததும் வலது கை கீபோர்டுச் சாவிகளை விட்டு எழும்பியது. உள்ளங்கை மேசையை ஒரு குத்து குத்தியது. தலை லேசாகச் சாய்ந்தது. அந்தக் கண நேரத்தில் பின்னால் வந்த மூன்று கார்கள் அவரைத் தாண்டிப் போயின. செல்லப்பன் பொட்டியை முறைத்தார்.

"பாத்தீங்களா அம்மணி, இழுக்கவே மாட்டேங்குது."

அடுத்து வந்த டிரைவரும் வளைவில் மேசையைக் குத்தினார். அதற்கடுத்தவரும்.

கடையைப் பூட்டுவதற்கு முன் காமாட்சி தானே முக்காலியில் உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் கிடக்கட்டும், சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதவள். முதல் தடவை சுவரில் மோதினாள். இரண்டாம் தடவை புல்லில் ஓட்டினாள். ஆறேழு தடவைக்குப் பிறகு செல்லப்பனின் நேரத்தை முந்திவிட்டாள். பொட்டி திணறவில்லை. இழுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னதை அப்படியே செய்தது.

மறுநாள் செல்லப்பன் திரையில் பேர்களைப் பார்த்தார். தன் பேருக்கு மேலே ஒரு பேர் இருந்தது.

"யாருங்க அம்மணி இது?"

"நானுங்கண்ணா."

"உனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதே."

"தெரியாதுங்க. அதனாலதான்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் செல்லப்பனின் டீ ஆறிப்போனது.

"போகட்டுங்கண்ணா," என்றாள் காமாட்சி. "நாளைக்குச் சேலத்துக்குச் சவாரி வருவீங்களா? பொட்டிய எடுத்துட்டுப் போகணும். நீங்களும் கூட வந்து ஓட்டிப் பாக்கணும்."

"என்னத்த வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"பாதி."

மறுநாள் காலை பொட்டியைக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தையை வைக்கிற மாதிரி முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஏரியைத் தாண்டும்போதே மேகம் ரோட்டில் படுத்திருந்தது. செல்லப்பன் டேப் ரெக்கார்டரில் பாட்டுப் போட்டு, கூடவே பாடிக்கொண்டும் வந்தார். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகிற இடத்தில் பாட்டை நிறுத்தினார்.

"ஏனுங்கண்ணா, நல்ல பாட்டாச்சே."

"வளைவுல பாட்டு ஆகாதம்மணி. கேக்காது."

"என்ன கேக்காது?"

அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்த மாதிரி முன்னால் ஒன்றுமே தெரியாத வளைவில், உள்ளங்கையால் ஆரனை ஒரு குத்து குத்தினார். தலையை லேசாகச் சாய்த்தார். கீழே எங்கிருந்தோ இன்னொரு ஆரன் பதில் சொன்னது. செல்லப்பன் ஓரம் கட்டினார். மேகத்துக்குள்ளிருந்து ஒரு காபி லாரி, யானை மாதிரி, மூக்கை நீட்டி வெளியே வந்து தாண்டிப் போனது.

"லாரி வர்றது எப்படிங்கண்ணா தெரிஞ்சுது? ஜீப்பாக் கூட இருக்கலாமே."

"ஆரன்ல தெரியும். இஞ்சின்ல தெரியும். அவன் ரெண்டாவது கியர்ல மூச்சு வாங்கிட்டு ஏறறான்னு இங்கிருந்தே கேக்குது." கியரைத் தட்டினார். "நம்ம வண்டியும் அப்படித்தான். எப்பக் கியரு மாத்தணும்னு அதுவே சொல்லும். கண்ண நம்பி இந்த ரோட்டுல வண்டி ஓட்டறவன் மலையடிக்கு வண்டியோட போக மாட்டான், தனியா உருண்டுதான் போவான்."

காமாட்சி மடியில் இருந்த பொட்டியைப் பார்த்தாள். பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. காதால் வண்டி ஓட்டுகிறவர்களிடம் போய் ஊமையாக மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அவர்கள் வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்கிறார்கள், பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், பதில் வரவில்லை. இஞ்சின் சொல்லும் என்று பார்க்கிறார்கள், இஞ்சின் வாய் திறக்கவில்லை. அதற்குள் மூன்று கார் தாண்டிப் போய்விடுகிறது. பழி பொட்டியின் வேகத்தின் மேல்.

அடிவாரத்தில் வெயில் அடித்தது. செல்லப்பன் பாட்டைத் திரும்பப் போட்டார்.

"இப்ப முழுசா முடிவு பண்ணியாச்சுங்கண்ணா," என்றாள் காமாட்சி.

தேவசிகாமணியின் கடையில் ஊதுபத்தி வாசனையும் பிளாஸ்டிக் வாசனையும் கலந்து அடித்தன. அவர் ஏற்கெனவே த்ரீ-டி கார்டை மேசை மேல் வைத்திருந்தார். தன் கம்ப்யூட்டரில் ஒரு புது ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். மழை பெய்த ரோடு பளபளவென்று மின்னியது. காரின் மேல் வானம் தெரிந்தது.

"எப்படிங்க அம்மா?"

"நொம்ப அழகா இருக்குதுங்க. என்ன வெலை?"

அவர் சொன்னார். காமாட்சி செல்லப்பனைத் திரும்பிப் பார்த்தாள். செல்லப்பனுக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது. நடித்திருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. தேவசிகாமணி தானாகவே கொஞ்சம் இறங்கினார். காமாட்சி கார்டைக் கையில் எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், பச்சைக் குழந்தையைப் போல மெல்லத் திரும்ப வைத்தாள். அவர் இன்னும் இறங்கினார். வாங்கப்போகிற சரக்கைத் தொடக் கூடாது, வாங்காத சரக்கைத்தான் தடவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது புளி மண்டிச் சட்டம். சவுண்டு கார்டுகள் தூசி படிந்த அலமாரியில், அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அந்தப் பக்கம் அவள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

"ஒரு சின்ன ஆசைங்க," என்றாள். "இத என் பொட்டியில மாட்டி, என் ஆட்டத்தப் போட்டுக் காட்டறீங்களா? புளி வாங்கறவன் வாயில போட்டுப் பாக்காம வாங்க மாட்டானுங்க."

தேவசிகாமணி பெருமையாக மாட்டினார். செல்லப்பன் உட்கார்ந்து ஓட்டினார். அதே ரோடு, அதே புல், அதே சுவர். ஒன்றும் மின்னவில்லை. முதல் வளைவில் உள்ளங்கை மேசையைக் குத்தியது, மூன்று கார்கள் தாண்டின.

"இது பழைய ஆட்டமுங்க," என்றார் தேவசிகாமணி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "இதுக்கு இந்தக் கார்டத் தெரியாது. புது ஆட்டம் போட்டீங்கன்னாத்தான். அதுக்கு ரேமும் கொஞ்சம் ஏத்தணும். புராசசரும்..."

"அப்ப கல்யாணத்துக்கு மாப்பிள்ள வேணும்னு வந்தவளுக்கு மாமியா, நாத்தனா எல்லாம் சேத்துத் தர்றீங்க."

கடையில் வேலை செய்கிற மெக்கானிக் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். காமாட்சி எழுந்தாள். கம்பளியை எடுத்தாள். செல்லப்பனும் புரியாமல் எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த்தான் திரும்பினாள். யோசனை இப்போதுதான் வந்த மாதிரி.

"இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போனா எங்கூட்டுக்காரர் திட்டுவாரு. அந்த அலமாரியில தூசியாக் கெடக்குதே, அது என்னங்க?"

"அதா? சவுண்டு கார்டு. அது சும்மா சத்தத்துக்குங்க."

"சும்மான்னா சும்மாவே தருவீங்களா?"

சும்மா தரவில்லை. ஆனால் நழுவிப்போகிற வியாபாரத்தைக் கடைசி நிமிஷத்தில் பிடிக்கிறவன் சொல்கிற விலையைச் சொன்னார். ஸ்பீக்கர் இரண்டையும் அந்த விலைக்குள்ளேயே வைக்கச் சொன்னாள் காமாட்சி. வைத்தார். அவள் கொண்டுவந்த பணத்தில் பாதிக்கு மேல் ஜாக்கெட்டுக்குள் இருந்த பர்ஸிலேயே தங்கியது.

மெக்கானிக் மாட்டி, ஆட்டத்துக்குச் சத்தத்தைச் சொல்லிக்கொடுத்தான். செல்லப்பன் அரை மனதோடு சாவியில் கை வைத்தார். பொட்டி உறுமியது. அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது.

"அடேங்கப்பா," என்றார் மெதுவாக. "இது மூணாவதுல கத்துது. நாலாவது போடணும்."

போட்டார். வளைவு வந்தது. உள்ளங்கை எழும்பியது, பாதி வழியில் நின்றது. பக்கத்துக் காரின் உறுமல் இடது பக்கம் கேட்டதால் அவர் வலது பக்கம் ஒதுங்கினார். தாண்டினார். அடுத்த வளைவிலும் தாண்டினார். ஆட்டம் முடிந்தபோது காமாட்சியின் பேர் கீழே போயிருந்தது.

தேவசிகாமணி திரையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், கடைசியில் காமாட்சியைப் பார்த்தார். "அம்மாவுக்கு எந்த ஊருங்க?"

"செவ்வாய்ப்பேட்டை."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றார் அவர் வருத்தத்தோடு.

ஏற்காட்டில் யாரும் மாலை போடவில்லை. "சத்தத்துக்கா காசு குடுத்தே?" என்றார் கந்தசாமி. "சத்தம் வேணும்னா எங்கூட்டுக்கு வந்திருக்கலாம். ஓசியில நாள் முழுக்க நடக்குது." சேகர் மட்டும் மீதிப் பணத்தைப் பார்த்ததும், ரேமைப் பற்றிய பேச்சை மரியாதையாக அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தான்.

செல்லப்பன் ஸ்டாண்டில் என்ன சொன்னாரோ, மறுநாளே மூன்று டிரைவர்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் கேரம் போர்டில் காய்களை அடுக்க ஆளில்லை. அரைப்பரீட்சை லீவு தொடங்கிய வாரம் மேகம் இறங்கியது. இறங்கினால் ஏற்காட்டு மேகத்துக்குப் போக வழி தெரியாது. பத்தடியில் இருக்கிற போர்டு படிக்க முடியாது. டூரிஸ்டுகள் கையோடு கையைத் தேய்த்துக்கொண்டு, எது கடை எது கக்கூஸ் என்று தெரியாமல் நடந்தார்கள். பெரிய டிவி வைத்திருந்த லாட்ஜின் கண்ணாடி ஜன்னல் வெள்ளைச் சுவராகிவிட்டது. காமாட்சியின் அறையோ ரேஸ் மைதானம் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. உறுமல் வந்த திசையில் பிள்ளைகள் ஓடிவந்தன, பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அப்பாக்கள் வந்தார்கள், அப்பாக்கள் பிள்ளைகளை எழுப்பிவிட்டுத் தாங்களே உட்கார்ந்தார்கள். இதை மட்டும் காமாட்சி கணக்குப் போட்டிருக்கவில்லை. போட்டிருந்ததாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம் கந்தசாமி புது எண்ணெய்ச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடத்தை அளந்து பார்க்கக் கிளம்பினார். மேகத்தில் தடவித் தடவி வந்தவருக்கு நேர் எதிரில் ஒரு வண்டி நான்காவது கியரில் கத்திக்கொண்டு வந்தது. விளக்கில்லை, ஆரனில்லை. கந்தசாமி ஒரே தாவலில் சாக்கடை ஓரத்துக்குப் போனார். சட்டி உருண்டு ரோட்டில் மணியடித்தது.

"எவன்டா அவன், ஆளு வர்றது தெரியாம ஓட்டறவன்?"

உள்ளேயிருந்து செல்லப்பனின் குரல் வந்தது. "நாந்தாங்க. ஓரமாப் போங்க, கடைசி ரவுண்டு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பெஞ்சில் இடமில்லாமல் வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். காமாட்சி ஓடிப்போய்ச் சட்டியை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். கந்தசாமி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். அவரும் வியாபாரிதான். எண்ணுகிற கண் அது.

"அடி ஒன்னும் படலீங்களே மாமா?"

"அத வுடு. இவ்வளவு பேரும் காசு குடுத்தா நிக்கறாங்க?"

"ஆமாங்க. நின்னு நின்னு பசிக்குதுங்கறாங்க." அவள் வாசலுக்கு வெளியே, கூரை நீட்டிய இடத்தைக் காட்டினாள். "சட்டிய அங்க வையுங்க மாமா. பஜ்ஜி நல்லாப் போகும். பொக மட்டும் பொட்டிப் பக்கம் வராமப் பாத்துக்கங்க. ஆனா அந்த எடத்துக்கு மாசாமாசம் எனக்கு ஏதாச்சும் குடுக்கணும்."

கந்தசாமி திகைத்தார். "என் எடத்துக்கு நானே வாடக குடுக்கறதா?"

"எடம் உங்களுதுதான் மாமா," என்றாள் காமாட்சி. "கூட்டம் என்னுது."

அவர் சட்டியைக் கூரைக்கடியில் வைத்தார். இடம் சரியாக இருந்தது, பெரிதாகவே சொல்லியிருந்ததால் இன்னும் சரியாக இருந்தது. பிறகு இருமிக்கொண்டே உள்ளே வந்து, செல்லப்பன் எழுந்த முக்காலியில் உட்கார்ந்தார். அரைமணி நேரத்துக்குக் காசு முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் காமாட்சி ஆட்டத்தைத் தொடக்கினாள். அவர் முதல் வளைவிலேயே சுவரில் மோதினார்.

"ஏனம்மணி," என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "டிவி கொஞ்சம் சின்னதாத்தான் இருக்குது, இல்ல?"